முன்னுக்கு விடுங்கோ

வரிசையில் நிற்கிற எல்லாரும் முன்னால் பார்ப்பார்கள். நாகமணி அன்ரி பின்னால் பார்ப்பார். கட்டுநாயக்காவில் சென்னை விமானத்துக்கான வரிசை அது. முன்னால் ஒரு குடும்பம் தரையில் பெட்டியைத் திறந்து, பாரம் குறைக்க ஊறுகாய்ப் போத்தலை வெளியே எடுப்பதும் உள்ளே வைப்பதுமாக இருக்கும். அன்ரியோ தன் தள்ளுவண்டிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, பின்னால் நிற்கும் பெண்களை ஒவ்வொருவராக அளந்துகொண்டிருப்பார். முகத்தை அல்ல, நிற்கிற விதத்தை. ஒரு காலிலிருந்து மற்றக் காலுக்கு மாறுகிறவள், இடுப்பு நாரியில் கையை ஊன்றுகிறவள், துப்பட்டாவை வயிற்றுக்கு மேலே இழுத்து இழுத்து விடுகிறவள். ஆள் அகப்பட்டதும் தொண்டையைச் செருமுவார். எனக்கு அந்தச் செருமல் பழக்கம். உடனே என் பெட்டியை ஓரமாக இழுத்துக்கொள்வேன்.

"அந்தப் பிள்ளையை முன்னுக்கு விடுங்கோ! பிள்ளைத்தாச்சி நிக்கிறா, தெரியேல்லையோ? மல்லி, பொட்டக் இட தென்ன! அண்ணை, உங்கட பெட்டியை அங்கால எடுங்கோ!"

தமிழருக்குத் தமிழில், 'தம்பி, கொஞ்சம் இடம் விடுங்கோ' என்று சிங்களவருக்குச் சிங்களத்தில், இரண்டும் தெரியாத வெள்ளைக்காரருக்கு வெறும் கையால். கைக்குத்தான் கூடுதல் பலன் உண்டு. எந்த நாட்டுக்காரரானாலும் அந்தக் கையைக் கண்டால் இரண்டடி பின்வாங்கிவிடுகிறார்.

அன்ரி கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில், எனக்கு மேல் வீட்டில் இருக்கிறார். பிறந்தது கொட்டாஞ்சேனை. ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் குடும்பங்கள் இருந்த வீட்டில் வளர்ந்ததால் மெதுவாகக் கதைத்துப் பழக்கமில்லை. மாதம் தவறாமல் சென்னைக்குப் போய்க் கல்யாணச் சாறிகள் வாங்கி வந்து வீட்டு முன்னறையில் விரித்து விற்கிறார். வெள்ளவத்தையில் கல்யாணம் நிச்சயமானால் முதலில் மண்டபக்காரருக்குச் சொல்கிறார்களா, இவருக்குச் சொல்கிறார்களா என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான். லிஃப்ட் பழுதாகிக் கிடக்கிற நாட்களில் சாறி மூட்டையோடு மாடி ஏறுவார். நான் உதவிக்கு வந்தால், "உங்களைத் தூக்க எனக்கு ஆள் பிடிக்கேலாது, விலகுங்கோ" என்பார். வயதை எழுதக் கூடாது என்பது நிபந்தனை. அறுபதைத் தாண்டவில்லை என்று எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன்.

நான் புத்தக அச்சு வேலையாக அடிக்கடி சென்னைக்குப் போகிறவன். வரிசை என்றால் வரிசை என்று நம்புகிறவனும் கூட. யாராவது இடையில் புகுந்தால் எனக்கு இரத்தம் கொதிக்கும். கொதித்தாலும் வாய் திறக்க மாட்டேன், அது வேறு விஷயம். ஆகவே தொடக்கத்தில் அன்ரியின் இந்தப் பஞ்சாயத்து எனக்குப் பிடிக்கவில்லை. ஏன் இப்படி ஊருக்கெல்லாம் சண்டை பிடிக்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

"கேஸ் கியூவில பழகினது, தம்பி. அப்ப நாட்டில எல்லாம் முடிஞ்சு போச்சு, கியூ மட்டும்தானே மிச்சம் இருந்தது."

இரண்டாயிரத்து இருபத்திரண்டில் கொழும்புக் காலி வீதியோரம் வெறும் கேஸ் சிலிண்டரோடு நாள் முழுக்க நின்றவர்களில் அன்ரியும் ஒருவர். தனக்குப் பின்னால் வெயிலில் நின்ற நிறைமாதப் பெண்ணின் சிலிண்டரைத் தானே உருட்டிக்கொண்டு போய் முதலாவதாக வைத்தாராம். அதன்பிறகு நடந்த சண்டையை விவரிக்கும்போது அவர் முகத்தில் வருகிற பூரிப்பைப் பார்க்க வேண்டும். ஆனால் இது எனக்குச் சொன்ன காரணம். விமானக் கொம்பனிப் பெண்ணிடம், "உங்கட சட்டத்திலயே இருக்கு, வாசிச்சுப் பாருங்கோ" என்றார். இன்னொருவரிடம், "நிண்டு நிண்டு அலுப்பு வருகுது, ஒரு சண்டை பிடிச்சால் நேரம் போகும்" என்றார். இந்த மூன்றாவதுதான் உண்மை என்று நான் நெடுநாள் நினைத்திருந்தேன்.

எதிர்த்துக் கதைக்கிறவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். ஒருமுறை கோட்டுப் போட்ட ஒருவர், "பிள்ளைத்தாச்சியெண்டால் வீட்டில இருக்கிறதுதானே, பிளேனில என்னத்துக்கு ஏறுறது?" என்று கேட்டுவிட்டார்.

"ஏன், உங்கட அம்மா உங்களை வயித்தில வச்சுக்கொண்டு பத்து மாசமும் வீட்டுக்குள்ள பூட்டிக் கிடந்தவவோ? கடைக்குப் போகேல்லையோ, பஸ்ஸில ஏறேல்லையோ? ஆரோ ஒருத்தன் எழும்பி இடம் விட்டிருப்பான். அவனுக்கு நீங்கள் ஒரு நன்றி சொல்ல வேணும்."

கோட்டுக்காரர் விலகி வழிவிட்டார். உண்மையில் அவரைவிடச் சிக்கலானவர்கள் அந்தப் பெண்கள்தான். தங்களுக்குச் சலுகை வேண்டாம், நிற்க முடியும் என்று சிலர் சொல்வார்கள். அப்படிச் சொன்ன ஒரு பெண்ணிடம் அன்ரி குரலைத் தாழ்த்தி, அதாவது பாதி மண்டபத்துக்கு மட்டும் கேட்கும்படி, சொன்னார்:

"நீங்கள் நில்லுங்கோ பிள்ளை, உங்களுக்கு ஏலும். உள்ளுக்க இருக்கிறவர் ஏன் நிக்க வேணும்? அவருக்கு டிக்கட்டும் இல்லை, சீட்டும் இல்லை. கியூ மட்டும் என்னத்துக்கு?"

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே முன்னால் போனாள். நானும் அன்றுதான் கட்சி மாறினேன் என்று நினைக்கிறேன்.

அன்ரியின் கணிப்பு எப்போதும் சரியாக இருந்ததில்லை. ஒருமுறை சென்னையிலிருந்து திரும்பும்போது, கொழுத்த வயிறும் இளைத்த முகமுமாக நின்ற ஒருத்தியைப் போராடி முன்னால் அனுப்பினார். சோதனை வாசலில் அந்தப் பெண்ணின் வயிற்றிலிருந்து பட்டுக் கரை ஒன்று எட்டிப் பார்த்தது. பெட்டியில் பாரம் கூடிவிடும் என்று ஆறேழு சாறிகளை உடம்பில் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். வரிசையே சிரித்தது. நான் அன்ரியைப் பார்த்தேன்.

"பட்டெண்டாலும் பாரம் பாரம்தானே, தம்பி" என்றார் அசையாமல். "அவவுக்கும் நாரி நோகும்."

இவ்வளவு இரக்கமுள்ளவருக்குச் சக்கர நாற்காலியைக் கண்டால் மட்டும் ஆகாது. நடக்க முடியாதவர்கள் மேல் கோபமில்லை. சென்னை விமானத்துக்கு கால் நன்றாக இருந்தும் வரிசையில் நிற்கப் பஞ்சிப்பட்டு நாற்காலி கேட்கிற பெண்கள் மேல்தான் கோபம். அவர்களுக்கு அவர் வைத்த பெயர் 'உருட்டு மகாராணியள்'. "ஏறேக்க கால் இல்லை, இறங்கினவுடன கால் முளைச்சிடும். பெட்டி வாற இடத்தில பாருங்கோ, எங்களுக்கு முன்னால ஓடுவினம்" என்பார். அவர் சொன்னபடி ஓடியவர்களை நானும் கண்டிருக்கிறேன்.

அங்கே நாற்காலி தள்ளுகிற ஷிப்லி என்பவருக்கு இது தெரியும். ஹெந்தளையிலிருந்து வேலைக்கு வருகிறவர், தலை நரைக்கத் தொடங்கிய மனிதர். மாதாமாதம் அன்ரியைக் கண்டதும் வேண்டுமென்றே வெறும் நாற்காலியை உருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து, "அன்ரி, இண்டைக்காவது ஏறுவமா?" என்று கேட்பார். "உங்கட மாமியாரை ஏத்துங்கோ" என்று அன்ரி சொல்ல வேண்டும். சொல்லுவார். இருவருக்கும் அன்றைய பொழுது நல்லபடி தொடங்கும்.

இனி ரூபிகாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அன்ரியின் ஒரே மகன் திலக்ஷனின் மனைவி. அமைதியான பெண், வங்கியில் வேலை. கல்யாணமான அடுத்த வருஷம் ரூபிகாவுக்குப் பிள்ளை தங்கியது. மூன்று மாதம் ஆகும்வரை வெளியே சொல்லாமல் இருப்பதுதான் எங்கள் வீடுகளில் வழக்கம். கண்ணூறு, நாவூறு படும் என்பார்கள். அன்ரி அதையெல்லாம் கணக்கில் எடுக்கிறவரல்ல. மாமியும் மருமகளும் சேர்ந்து சென்னைக்குப் போன அன்று, வழக்கமான செருமலுக்குப் பிறகு, வழக்கத்தைவிடப் பெரிய குரலில் அறிவித்தார்: "விடுங்கோ, விடுங்கோ! என்ர மருமகள் பிள்ளைத்தாச்சி!"

வரிசை வழிவிட்டது. வரிசையில் பாதி வெள்ளவத்தை. அவர்கள் திரும்பி வருமுன்பே செய்தி ஊருக்கு வந்துவிட்டது. சில கிழமைகளில் அந்தக் கரு நிற்கவில்லை. அதன்பிறகும் மாதக்கணக்காக மீன் கடையில், கோயிலில், நகைக்கடையில், "இப்ப எத்தனை மாசம் பிள்ளை?" என்று ரூபிகாவைக் கேட்டார்கள். எல்லாரும் நல்ல மனசோடுதான் கேட்டார்கள். அந்தப் பெண் காலி வீதியால் நடப்பதையே விட்டுவிட்டு, கடலோரமாகச் சுற்றிப் போய் வரத் தொடங்கினாள். ஒருநாள் மாமியிடம் ஒரே ஒரு வசனம் சொன்னாள்: "மாமி, இனி எனக்காக நீங்கள் கதைக்கக் கூடாது."

"சரி பிள்ளை" என்றாராம் அன்ரி. அவர் வாழ்க்கையில் எதிர்த்துக் கதைக்காமல் விட்ட சண்டை அது ஒன்றுதான்.

இதை எழுதலாமா என்று நான் ரூபிகாவிடம் கேட்டேன். மடியில் நெளிந்த மகனுக்குச் சட்டை மாட்டிக்கொண்டே, "இப்ப எழுதலாம் அண்ணா" என்றாள். "நாவூறில எனக்கு நம்பிக்கையில்லை. பதில் சொல்லி அலுத்துப் போச்சு, அவ்வளவுதான்." பிறகு, நான் பார்த்தும் எனக்கு விளங்காமல் இருந்த சில விஷயங்களை அவளே சொன்னாள்.

நான் பார்த்தது இதுதான். போன வருஷம் ஒரு மத்தியானம். ரூபிகாவின் தங்கை அனுஷியாவின் கல்யாணச் சாறி எடுக்க மாமியும் மருமகளும் சென்னைக்குப் புறப்பட்டிருந்தார்கள். நானும் அதே விமானம். கொம்பனியின் கணினி படுத்துவிட்டதால் ஒரே ஒரு கவுண்டரில்தான் வேலை நடந்தது. வரிசை மடிந்து மடிந்து வாசல் வரைக்கும் வந்திருந்தது. நான் அவர்களுக்குப் பின்னால் நின்றேன். எனக்கும் பின்னால் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஜீவராணி அக்கா. ஒரு செய்தி அவர் காதில் விழுந்தால் அதற்குப் பிறகு பேப்பரில் போடத் தேவையில்லை.

நாகமணி அன்ரி முன்னால் பார்த்துக்கொண்டு நின்றார். முதலில் அது எனக்குப் புதுமையாக இருந்தது. பிறகு ரூபிகாவைப் பார்த்தேன். தள்ளுவண்டியின் பிடியை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். முகத்தில் இரத்தமில்லை. கைக்குட்டைக்குள் பாதி எலுமிச்சம்பழம், அதை இடைக்கிடை மூக்கில் வைத்தாள். ஒரு கை நாரிக்குப் போகும், யாராவது பார்க்கிறார்களா என்று கண் சுற்றும், கை திரும்பிப் பிடிக்கு வந்துவிடும். மாமியிடம் அவள் இந்தமுறை ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. கணவனுக்கும் டொக்டருக்கும் மட்டும்தான் தெரியும். சென்னைக்கு வரவில்லை என்றால் ஏன் என்று கேட்பார்கள், அதனால்தான் வந்தாள். ஆனால் காலையில் தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளி வைக்கிற மருமகளை, ஊரார் வயிற்றையெல்லாம் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கிற மாமிக்குத் தெரியாமல் போகுமா?

அன்ரிக்குத் தெரிந்திருந்தது. கதைக்கக் கூடாது என்பதும் நினைவிருந்தது. தொண்டையைச் செரும வாயெடுத்தார். விழுங்கினார். தண்ணீர் குடித்தார். சாறித் தலைப்பை எடுத்துச் சுருட்டினார், விரித்தார், திரும்பவும் சுருட்டினார். வரிசை ஓரடி நகர்ந்தது. எனக்கே பொறுக்கவில்லை. "என்ன ரூபிகா, சுகமில்லையோ?" என்று தொடங்கினேன். அன்ரி என் காலை மிதித்தார். தற்செயலாக அல்ல.

"தம்பி, நீங்கள் ஒண்டும் பாக்கேல்லை" என்றார் பல்லுக்குள்.

அவர் மெதுவாகக் கதைத்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. ஆனால் என் கேள்வி போக வேண்டிய காதுக்குப் போய்விட்டது. ஜீவராணி அக்கா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"ஓம் என்ன, முகமெல்லாம் வாடிப் போய்க் கிடக்கு. என்ன ரூபிகா, ஏதும் விசேஷமோ?"

சுற்றி நின்ற வெள்ளவத்தை முழுக்கத் திரும்பியது. ரூபிகா தள்ளுவண்டியின் பிடியையே பார்த்தாள். கண் கலங்கத் தொடங்கியது. நான் செய்த மடத்தனத்துக்கு என் நாக்கை நானே கடித்துக்கொண்டேன்.

"ஐயோ!" என்று ஒரு சத்தம். நாகமணி அன்ரி வலது முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தள்ளுவண்டியில் சாய்ந்தார். "ஐயோ என்ர கால்! விசேஷமும் இல்லை, ஒண்டுமில்லை ஜீவராணி. காலமை தொடக்கம் எனக்கு இந்த வலதுகால் ஏலாது. அதைப் பாத்துத்தான் பிள்ளை பயந்து போய் நிக்கிறா. ஷிப்லி! ஷிப்லி, ஒரு செயார் கொண்டு வாங்கோ!"

தூரத்தில் நின்ற ஷிப்லிக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தவர் வாயில் பகிடி ஒன்று தயாராக இருந்தது, அது எனக்குத் தெரிந்தது. அன்ரியின் முகத்தைப் பார்த்ததும் அதை விட்டுவிட்டார்.

"என்ன நாகமணி அக்கா, நீங்களோ செயாரில?" என்றார் ஜீவராணி. பின்னால் யாரோ சிரித்தார்கள். அன்ரியிடம் உருட்டு மகாராணி என்று பேச்சு வாங்கிய ஒருத்தியாக இருக்க வேண்டும்.

"என்ன செய்யிறது, வயசு போகுதுதானே" என்றார் அன்ரி.

வயதை எழுதக் கூடாது என்று நிபந்தனை போட்டவர் வாயால் அந்தச் சொல் வந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கியது. சாறி மூட்டையோடு மாடி ஏறுகிறவர் மெல்ல மெல்லக் குனிந்து நாற்காலியில் அமர்ந்து, கால்தட்டில் பாதங்களை வைத்தார்.

"கூட ஒருத்தர் வரலாம். ஆரு வாறது?" என்று ஷிப்லி கேட்டார்.

"மருமகள்தான். அவ பக்கத்தில இல்லாமல் எனக்கு ஒரு அடி ஏலாது."

எத்தனையோ பொய்க் கால்களைத் தள்ளிப் பார்த்தவர் ஷிப்லி. அன்ரியின் முழங்காலைப் பார்த்தார். ரூபிகாவின் கையிலிருந்த எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார். "அப்ப மெதுவாப் போவம்" என்று சொல்லி, வரிசையைப் பிரிக்கிற பட்டியைக் கழற்றிவிட்டார். அவர்களின் தள்ளுவண்டியை நான் பின்னால் தள்ளிக்கொண்டு போய்க் கொடுத்தேன். அதனால் அதற்குப் பிறகு நடந்த பேச்சும் காதில் விழுந்தது.

"மாமி, கால் எப்ப தொடக்கம் நோகுது?" என்றாள் ரூபிகா.

"இப்பதான் பிள்ளை. நீ ஒண்டும் கதைக்காத, நானும் கதைக்கேல்லை. அந்தக் கதிரையில போய் இரு. நான் பாஸ்போட்டைக் குடுக்கிறன்."

ரூபிகா போய் இருந்தாள். கவுண்டருக்குப் பக்கத்தில், நாற்காலிக்காரரோடு வருகிறவர்களுக்காகப் போட்ட ஒரு கதிரை அது. கண்ணை மூடிப் பின்னால் சாய்ந்தாள். கொஞ்ச நேரத்தில் முகத்துக்கு இரத்தம் திரும்பியது. நான் மீண்டும் என் இடத்துக்கு வந்தேன். நான் விட்டுப் போன இடத்தில் ஜீவராணி அக்கா நின்றார். வரிசை என்றால் வரிசை என்று நம்புகிறவன் நான், அன்று அவருக்குப் பின்னால் பேசாமல் நின்றேன். அன்ரியின் முழங்காலுக்கு என்ன எண்ணெய் நல்லது என்பதை அவர் எனக்கு விமானம் ஏறும்வரை சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கு அது எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொல்லி முடியாது.

சென்னையில் இறங்கியபோது வாசலில் நாற்காலிகள் வரிசையாகக் காத்திருந்தன. அன்ரிக்குக் கால் முளைக்கவில்லை. தானாகவே போய் ஒன்றில் ஏறி உட்கார்ந்துகொண்டார். குடிவரவு மண்டபத்தில் இரண்டு மூன்று விமானத்துக் கூட்டம் நெளிந்தது. நாற்காலிகளுக்கென்று இருந்த பக்கவழியில் அவரைத் தள்ளிக்கொண்டு போனார்கள், ரூபிகா பக்கத்தில் நடந்தாள். நானும் ஜீவராணி அக்காவும் கயிற்றுக்கு இந்தப் பக்கம், பெரிய வரிசையில் நின்றோம். எங்களைக் கண்டதும் அன்ரிக்குத் தன் கடமை நினைவு வந்தது. முகத்தைச் சுளித்து, "ஐயோ, ஐயோ" என்று முனகிக்கொண்டு முழங்காலைப் பிடித்தார். இடது முழங்காலை.

ஜீவராணி அக்காவின் கழுத்து நீண்டது.

ரூபிகா குனிந்தாள். மாமியின் கையை மெல்லத் தூக்கி, வலது முழங்காலில் வைத்து, அதன்மேல் தன் கையையும் வைத்துக்கொண்டாள்.